சுட்டுக்கொண்டதும் தண்ணீருக்குப் பயப்படாதீர்கள்

"தண்ணியில வைக்காதே, கொப்புளம் கிளம்பிடும்!" எட்டு வயதில், சோற்றுப் பானையிலிருந்து கஞ்சி வடிக்கப்போய் மணிக்கட்டில் ஊற்றிக்கொண்டபோது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இது. குழாய்க்கு ஓடிய என்னைப் பிடித்து நிறுத்தி, பாட்டி மைப்புட்டியைத் திறந்து கை முழுவதும் நீல மையைக் கொட்டினார். மறுநாள் மருத்துவர் அந்த மையைத் துடைத்தெடுத்தபோது பட்ட வலி, கஞ்சி கொட்டியபோதுகூட இல்லை. மைக்கு அடியில் தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் காயத்தின் ஆழத்தைச் சொல்ல அவரால் முடியவில்லை.

பாட்டிக்கு என்மேல் பாசம் இல்லாமலா? பாசத்தோடு செய்யப்படும் தவறு என்பதால்தான் இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும் என்பது உண்மையல்ல. சூடு தோலின் மேலடுக்கைத் தாண்டி இறங்கும்போது, சிதைந்த அடுக்குகளுக்கு இடையே நீர் கசிந்து சேர்கிறது. அதுதான் கொப்புளம். தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அது வர வேண்டிய இடத்தில் வரும். ஆனால் ஊற்றாவிட்டால் காயம் இன்னும் ஆழமாகப் போகும். தோசைக்கல்லிலிருந்து கையை எடுத்த பிறகும், தோலுக்குள் புகுந்த சூடு உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அடுப்பை அணைத்த பின்னும் பாத்திரத்தில் குழம்பு சற்று நேரம் கொதிப்பதில்லையா, அதுபோல. அந்தச் சூட்டை வெளியே இழுக்க வீட்டில் இருக்கும் ஒரே நல்ல மருந்து தண்ணீர்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சீறி எழும். அடுப்பை அணைத்து, தட்டால் மூட வேண்டும். ஆனால் கடுகு தாளிக்கும்போது கையில் எண்ணெய் தெறித்தால், கையைத் தயங்காமல் தண்ணீரில் காட்ட வேண்டும்.

எவ்வளவு நேரம்? 20 நிமிடம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். குக்கரில் சோறு வெந்து, ஆவி தானாக அடங்கும் வரை குழாயடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள வீடென்றால் குவளையால் மெதுவாக ஊற்றலாம். வாளியில் கையை அமிழ்த்தி, நீர் வெதுவெதுப்பானதும் மாற்றலாம். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மற்ற உடம்பை உலர்ந்த துணியால் போர்த்துங்கள். குளிரில் நடுங்க விடக் கூடாது.

சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் கவனம். நடுப்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். குழாயைத் திறந்து முதலில் நம் கையில் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மண்பானைத் தண்ணீர் நல்லது. அதற்காக ஐஸ்கட்டிக்குப் போக வேண்டாம். ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே நொந்த தோலை மேலும் கெடுக்கும்.

தண்ணீரில் கை இருக்கும்போதே வளையல், மோதிரம், காலில் என்றால் கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்த பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள். அதன் மேலேயே தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி, தடவும் பொருள்கள். பற்பசை குளிர்ச்சியாக இருப்பது அதிலுள்ள புதினா உப்பால். சூடு அப்படியேதான் இருக்கும். நெய்யும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே மூடி வைக்கும். இட்லி மாவு புளிப்பதே நுண்ணுயிர்களால்தான். அதை வெந்த தோலில் பூசுவது கிருமியை அழைத்து உட்கார வைப்பது. மஞ்சள்தூள், காபித்தூள் எல்லாம் காயத்தில் அப்பிக்கொண்டு, சுத்தம் செய்யும்போது தோலையும் சேர்த்து உரிக்கும். மருந்துக்கடைக் களிம்பைக்கூட முதல் 20 நிமிடம் தொட வேண்டாம்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். உடம்பே போட்டுக்கொண்ட கட்டு அது. தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, ஒட்டாத சுத்தமான கட்டுத்துணியால் தளர்வாக மூடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் காயத்தில் சிக்கும். வலிக்கு, வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

வீட்டு வைத்தியம் எதுவரை என்பதில் ஏமாறாதீர்கள். காயம்பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. காயம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் கொப்புளம் கிளம்பியிருந்தால் அளவு பார்க்க வேண்டாம். மின்சாரத்தால் வந்த காயம் மேலே புள்ளியாகத் தெரிந்து உள்ளே பெரிதாக இருக்கும். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்திலும் தாமதம் கூடாது. "வலிக்கவே இல்லை" என்று யாராவது சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். தோல் வெளுத்தோ கருகியோ இருந்து வலியும் இல்லையென்றால், நரம்பு நுனிகள் வரை வெந்துவிட்டது என்று பொருள். பெரிய காயமென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போன அவர்களுக்கு வெந்நீர் ஒத்தடமே காயமாகிவிடுகிறது. சுட்டது தெரியாமலே பல நிமிடம் வைத்திருப்பார்கள். ஒத்தடத்தின் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்கட்டும். சிறு கொப்புளம் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காயம் ஆறும் நாட்களில் மீன், முட்டை எல்லாம் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவதும் நம் வீடுகளில் உண்டு. புதுத் தோல் வளரப் புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, பால் எதையும் நிறுத்தாதீர்கள்.

தோல் முழுவதும் மூடி, ஈரம் காய்ந்த பிறகு அரிப்பும் வறட்சியும் தொடங்கும். சுட்ட அன்று நாம் விலக்கி வைத்த தேங்காய் எண்ணெயை அப்போது எடுக்கலாம். மெதுவாகத் தடவுங்கள். புதுத் தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும் என்பதால், சில மாதங்களுக்கு அந்த இடத்தை முழுக்கைச் சட்டைக்குள் வைத்திருங்கள்.