குரல் வளம் இல்லையென்று ஒதுங்கியவர்களுக்கு: சரளி வரிசையில் ஒரு தொடக்கம்

ஆறாம் வகுப்பு படிக்கையில், ஆண்டு விழாக் குழுப்பாட்டுப் பயிற்சியில் என்னிடம், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார்கள். அதோடு குளியலறையில்கூட நான் வாய் திறந்ததில்லை. நாற்பது வயதில் மகளைப் பாட்டு வகுப்பில் விடப்போய், நானும் பாயில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. கச்சேரி மேடையெல்லாம் எனக்கில்லை. ஸ்ருதியில் நிற்க வருகிறது, அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருஷம் "ஞானம் இல்லை" என்று நான் நம்பியதில் பாதி, தப்பான கட்டையில், அதாவது என் தொண்டைக்கு ஒத்துவராத ஸ்ருதி உயரத்தில், பாடிய கோளாறு.

உங்களுக்கும் அப்படியா என்று, கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை வைத்துப் பார்த்துவிடலாம். தினம் இருபது நிமிஷம், மூன்று மாதம். ஒரு தம்புரா ஆப், கூடவே கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். போனிலேயே இருக்கும் ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி நாதம் சரியாகக் கேட்காது.

படி 1: உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

சினிமாப் பாட்டைக் கூடவே பாடிப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் தங்களுக்குக் குரல் இல்லையென்று முடிவு கட்டுகிறார்கள். அது அந்தப் பாடகருடைய ஸ்ருதி. உங்கள் தொண்டைக்கு அது ஏன் பொருந்த வேண்டும்?

ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் தொடங்கிப் பாருங்கள். ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒரு கட்டை என்பது 'சி', ஐந்து கட்டை 'ஜி'. மேல் ஸ வரை தொண்டை இறுகாமல் போக வேண்டும்; கீழே மந்தர ஸ்தாயி (கீழ்ச் சுற்று) ப வரையாவது காற்றாகிப் போகாமல் இறங்க வேண்டும். மேலே இழுத்துப் பிடித்தால் அரைக் கட்டை குறையுங்கள், கீழே சத்தமே வராவிட்டால் அரைக் கட்டை கூட்டுங்கள். என் இடம் ஒன்றரைக் கட்டை. நான் அதுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது நாலு கட்டையில்!

படி 2: இரண்டு வாரம், ஸ மட்டும்

அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்ருதி ஞானம் என்பது தொடங்குவதே இங்கேதான்.

தம்புராவை ஓடவிட்டு, முதல் ஒரு நிமிஷம் சும்மா கேளுங்கள். நான்கு தந்திகளும் ப, ஸ, ஸ, கீழ் ஸ என்று சுற்றிச் சுற்றி வரும். பிறகு அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, முணுமுணுக்காமல், வாய் திறந்து ஸ பிடியுங்கள். சேராதபோது ஒலி அலை அடிக்கும். இரண்டு ஒலிகளுக்கும் அதிர்வெண்ணில் நொடிக்கு 2 வித்தியாசம் இருந்தால், நொடிக்கு 2 முறை ஏறி இறங்குவதுபோல் காதில் விழும். குரலை மெல்ல நகர்த்துங்கள். அலை நிதானமாகி நின்று, உங்கள் குரல் தம்புராவுக்குள் காணாமல் போனதுபோல் தோன்றும். அந்த இடம்தான் ஸ. காலையில் எழுந்ததும் செய்தால் கீழ் ஸ்வரங்கள் நன்றாக இறங்கும். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இது என் மகளுக்கு முதல் நாளே வந்தது. எனக்குப் பதினொரு நாள் ஆனது. பிறவி ஞானம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பவர்களோடு நான் சேராததற்கு இந்தப் பத்து நாள் வித்தியாசம்தான் காரணம்.

படி 3: ஸ ப ஸ

ஒரு வாரம் போதும். ஸவிலிருந்து நேராக ப, அங்கிருந்து மேல் ஸ, அதே வழியாகத் திரும்பி. நடுவே சறுக்காமல் போய் நில்லுங்கள். தம்புராவிலேயே ப இருப்பதால் காது வழி காட்டும்.

படி 4: முதல் சரளி வரிசை, மூன்று காலம்

ராகம் மாயாமாளவகௌளை, 15ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்). தொடக்கப் பாடத்துக்கு இந்த ராகத்தை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஸ–ரி நெருக்கம், ரி–க தூரம், க–ம நெருக்கம். மேல் பாதியில் ப–த, த–நி, நி–ஸ மறுபடி அதே அளவு. பாதியைப் பிடித்தால் மீதி கூடவே வரும். சினிமாப் பாட்டில் ஊறிய காது ரியையும் தவையும் மேலே தூக்கப் பார்க்கும், அந்த இரண்டில் மட்டும் கவனம் வையுங்கள்.

ஆதி தாளம், 8 எண்ணிக்கை. காலம் என்றால் வேகம்: முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஸ ரி க ம ப த நி ஸ, ஸ நி த ப ம க ரி ஸ என்று ஏறி இறங்க 16 ஸ்வரம் என்பதால், மூன்றாம் காலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்குள் (8 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) வரிசையை இரண்டு முறை பாட வேண்டியிருக்கும். கை தாளத்தை விட்டுவிட்டால் வெட்கப்படாமல் முதல் காலத்துக்குத் திரும்புங்கள்.

படி 5: ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு

வாரம் ஒருமுறை, அதே கட்டை, அதே வரிசை. முதல் வாரம் கேட்கச் சகிக்காது. நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியதால், ரெக்கார்டில் வேறு யாரோ பாடுவதுபோல் இருக்கும். அழித்துவிடாதீர்கள். நான்காம் வாரத்தையும் முதல் வாரத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

படி 6: பன்னிரண்டாவது வாரம் கணக்குப் பாருங்கள்

10,000 மணி நேரம் உழைத்தால் யாரும் வித்வான் ஆகலாம் என்ற பேச்சுக்கு மூலம், 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி வந்த ஆய்வு. ஆய்வு அப்படி உத்தரவாதம் எதுவும் தரவில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள திறமை வித்தியாசத்தில் 21 சதவீதத்தைத்தான் முறையான பயிற்சியோடு இணைக்க முடிந்தது. மீதி முழுக்கப் பிறவி ஞானம் என்றும் அர்த்தமில்லை. தொடங்கிய வயது, வீட்டில் கேட்ட சங்கீதம், வாய்த்த குரு எல்லாம் அதற்குள் அடக்கம்.

எனவே அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். மூன்றே கேள்விகள். ஸ பிடிக்க இப்போது எத்தனை நொடி ஆகிறது? தப்பு ஸ்வரம் வந்தால், யாரும் சொல்லாமல் உங்களுக்கே தெரிகிறதா? இரண்டாம் காலம் தாளத்தில் நிற்கிறதா? இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால் காது திறந்துவிட்டது. தொண்டை பின்னால் வரும். மூன்றுக்குமே "இல்லை" என்றால், கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளை ஒருவரை வாசிக்கச் சொல்லி, எது மேலே என்று கண்ணை மூடிச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் குறை காதில் இல்லை; ஒரு டீச்சர் எதிரே உட்கார்ந்து திருத்த வேண்டிய கட்டம் அது. மிகச் சிலருக்கு அந்த வித்தியாசமே கேட்காது. அவர்களுக்கு இந்தப் படிகள் உதவாது.

இரண்டாம் காலம் நின்றுவிட்டவர்கள் மிச்ச சரளி வரிசைகளை முடித்துவிட்டு அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போகலாம். ஸஸ ரிரி கக மம, ஜோடியில் இரண்டாவது ஸ்வரத்துக்குக் கொஞ்சம் அழுத்தம். அங்கே என் மகள் மறுபடி முந்திவிட்டாள். நான் இன்னும் மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.