பரிசுக்கு ஒரு ஐஸ் பெட்டி: உரியாத பெயிண்ட், அழியாத பெயர்

உணவையும் பானத்தையும் ஐஸ் போட்டுக் குளிர்ச்சியாக எடுத்துப்போகிற ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி, யாருக்குக் கொடுக்கிறோமோ அவர் பெயரையும் அவருக்குப் பிடித்த படத்தையும் கையால் வரைந்து கொடுப்பது நல்ல பரிசு. ஓரளவு வரையத் தெரிந்தால் போதும், படம் வந்துவிடும். பிடிவாதம் பிடிப்பது பெட்டிதான். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. பசையோ பெயிண்டோ லேசில் ஒட்டாத ரகம். நேராகப் பெயிண்ட் அடித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும்; பத்து நாள் கழித்து நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். அதனால் இங்கே சொல்லப்போவதில் பாதி, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது.

நாள் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். தினம் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தாறு நாளில் வேலை முடியும். அதற்குப் பிறகு பூச்சு உள்ளுக்குள் இறுக மூன்று வாரம் வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால், ஒட்டும் பெட்டியைத்தான் கையில் கொடுப்பீர்கள்.

என்ன பெட்டி, எவ்வளவு பொருள்

அடியில் முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரோப்பிலீன். எண்ணே இல்லாவிட்டால் இந்த இரண்டில் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோகோல் பெட்டி என்றால் கதை வேறு: ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள கரைப்பான் அதை அரித்துக் குழி குழியாக்கிவிடும். அதற்குத் தண்ணீரில் கரையும் பெயிண்டை பிரஷ்ஷால் அடிப்பது ஒன்றே வழி.

பக்கங்கள் தட்டையாக, வரிவரியான மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 30 லிட்டர் கொள்ளும் பெட்டியின் வெளிப்பரப்பு முக்கால் சதுர மீட்டர் அளவு வரும். அதற்கு வேண்டியவை: 400 மில்லி பிளாஸ்டிக் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக அடியில் கொடுக்கும் முதல் பூச்சு) ஸ்ப்ரே இரண்டு டப்பா, அடிவண்ணத்துக்கு 250 மில்லி அக்ரிலிக் பெயிண்ட், படத்துக்குச் சின்னச் சின்ன பாட்டில்களில் நிறங்கள், தண்ணீரில் கரையும் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷ் 250 மில்லி. 120, 220, 320 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர், ஒரு அங்குலப் பட்டை பிரஷ், 0 மற்றும் 2 எண் உருண்டை பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கார்பன் பேப்பர். உப்புத்தாள் தேய்க்கவும் ஸ்ப்ரே அடிக்கவும் முகக்கவசம் கட்டாயம்.

பிரைமர் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தை முழுசாகப் படியுங்கள். முன்பக்கம் ‘பிளாஸ்டிக்குக்கு’ என்று பெரிதாக இருக்கும்; பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் நீங்கலாக’ என்று இருக்கும். அப்படிப்பட்டதுதான் கிடைத்தது என்றால், பிடிப்பைக் கூட்டுவதற்காக அதற்கு முன்னால் அடிக்கிற ‘அட்ஹீஷன் புரமோட்டர்’ ஸ்ப்ரேயையும் சேர்த்து வாங்குங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

கழுவு, தேய், துடை

கைப்பிடி, கீல், தண்ணீர் வெளியேற்றும் திருகு மூடி ஆகியவற்றில் கழற்ற முடிந்ததைக் கழற்றி, ஸ்குரூக்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள். கழற்ற வராததை டேப்பால் மூடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தால் பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். கழுவாமல் தேய்த்தால் மேலிருக்கும் எண்ணெய்ப் பசையை உப்புத்தாளே கீறல்களுக்குள் அழுத்திவிடும்.

பிறகு 120 எண் தாளால் வெளிப்புறம் முழுக்க வட்டமாகத் தேய்த்து, 220-ல் முடியுங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டாம். பளபளப்பு செத்து எங்கும் மங்கலாகத் தெரிந்தால் போதும். இந்தப் பிளாஸ்டிக் தேய்க்கத் தேய்க்க நூல் நூலாகப் பிசிறு விடும். விட்டால் அது பெயிண்டுக்குள் மயிர்க்கால் மாதிரி நிற்கும். 320 எண் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக ஓட்டினால் படிந்துவிடும்.

மூடியில் கம்பெனிப் பெயர் குழிவாக இருந்தால், குழைத்த பதத்தில் வரும் அக்ரிலிக் புட்டியை இரண்டு தவணையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் அப்பினால் காயும்போது நடுவில் சுருங்கி வெடிக்கும். புடைப்பான எழுத்தை பிளேடால் செதுக்கப் போகாதீர்கள். வெளித்தோல் மெல்லியது, அதற்குள்ளே இருப்பது நுரை. 80 எண் தாளால் முடிந்தவரை தேய்த்துவிட்டு, மிச்சத்தைப் படத்துக்குள் மறைத்துவிடலாம்.

கடைசியாக, பிசிறு விடாத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி மீன்கண் மாதிரி சின்ன வட்டம் விழும்.

எங்கே அடிக்கக் கூடாது

உட்பக்கம் அடிக்கவே கூடாது. ஐஸும் உணவும் படுகிற இடம். மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று உட்காரும் விளிம்பில் இருபக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டு டேப் ஒட்டுங்கள். அங்கே பூசினால் இரண்டு பூச்சும் ஒட்டிக்கொண்டு, மூடியைத் திறக்கும்போது பிய்ந்து வரும். கைப்பிடி உரசும் இடத்தையும் தரையில் படும் அடி விளிம்பையும் அதே கணக்கில் விட்டுவிடுங்கள்.

பிரைமர்

ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வேண்டாம், பூச்சு வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகும். காற்றோட்டமான நிழலில் வைத்து, டப்பாவை உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பெட்டிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே ஓட்டி, மறுபக்கம் வெளியே போன பிறகு விரலை எடுங்கள். முதல் கோட் தூசி படிந்ததுபோல் இருந்தால் போதும். அடியில் பிளாஸ்டிக் தெரிய வேண்டும். ஒரே மூச்சில் மறைக்க நினைக்கிறவர்களுக்குத்தான் வழிசல் விழுகிறது. இரண்டாவது, மூன்றாவது கோட்டில் தானாக மூடிவிடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி டப்பாவில் இருக்கும். புரமோட்டர் அடித்திருந்தால் பிரைமரை எத்தனை நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அதைத் தவறவிட்டால் புரமோட்டர் அடித்ததற்கே பலன் இல்லை.

24 மணி நேரம் கழித்து ஒரு சோதனை. இதற்காகவே அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்துக்கும் இதே தேய்ப்பு, இதே பிரைமர் கொடுத்து வைத்திருங்கள். கட்டர் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீறினால் 25 சின்னக் கட்டங்கள் வரும். மேலே செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சரக்கென்று இழுங்கள். டேப்பில் ஓரிரண்டு துணுக்கு வந்தால் பரவாயில்லை. கட்டம் கட்டமாகப் பெயர்ந்தால் அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். கசப்பான வேலைதான், ஆனாலும் படம் வரைந்து முடித்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

அடிவண்ணம்

ரோலரால் மெல்லிய இரண்டு கோட், நடுவில் ஒரு மணி நேரம். அடிக்கிற பக்கம் மேலே பார்த்து இருக்கும்படி பெட்டியைப் புரட்டி வையுங்கள், வழியாது. மூடிக்கு வெளிர் நிறமே நல்லது. கறுப்பும் கருநீலமும் வெயிலை உறிஞ்சும், உள்ளே ஐஸ் சீக்கிரம் கரையும். மஞ்சளும் சிவப்பும் அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் நிறங்கள். அவற்றுக்குக் கீழே ஒரு கோட் வெள்ளை கொடுத்தால் எடுப்பாக நிற்கும்.

படமும் பெயரும்

பெயரை மூடியில் எழுத எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் மூடியில்தான் சாமான் வைப்பார்கள், உட்காரவும் செய்வார்கள். பெயர் முன்பக்கத்தில் இருக்கட்டும். மூடிக்கு எளிய வடிவங்கள் போதும், கீறல் விழுந்தாலும் திருத்திவிடலாம்.

பக்கத்தின் அளவுக்கே ஒரு தாளை வெட்டி அதில் வரைந்து பார்த்து, பிடித்த பிறகு கார்பன் பேப்பர் வைத்து பால்பாயிண்ட் பேனாவால் நகலெடுங்கள். அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும். கறுத்த கோடு வெளிர் நிறத்துக்கு அடியில் தெரியும். அடர்ந்த அடிவண்ணம் என்றால் தாளின் பின்பக்கம் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அதுவே கார்பன்.

பெரிய பரப்புகளை முதலில் நிரப்பி, சின்ன விவரங்களைக் கடைசியில் வையுங்கள். நேர்கோட்டு விளிம்புக்கு டேப் ஒட்டினால், டேப்பின் ஓரத்தில் முதலில் அடிவண்ணத்தையே ஒரு கோட் பூசுங்கள். அடியில் கசிவது அடிவண்ணமாகவே இருப்பதால் கசிந்தாலும் தெரியாது. பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக மடக்கி மெல்ல உரித்துவிட வேண்டும்.

எழுத்துக்கு பெயிண்ட், எண்ணெய் சொட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். சில சொட்டுத் தண்ணீர் போதும். நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் பிடிப்பு போய்விடும். 2 எண் பிரஷ்ஷின் நுனியை மட்டும் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் உருட்டிக் கூர்மையாக்குங்கள். ‘ழ’ மாதிரி எழுத்தை ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்க வேண்டாம். மேல்பகுதியை எழுதி நிறுத்தி, பிரஷ்ஷை மறுபடி தோய்த்து, கீழ்ச்சுழியை வாலிலிருந்து மேல்நோக்கிக் கொண்டுவந்து சேர்த்தால் இணைப்பு தெரியாது. மணிக்கட்டுக்குப் பதில் முழங்கை நகர்ந்தால் வளைவு நடுங்காது. மெய்யெழுத்துப் புள்ளிக்கு பிரஷ்ஷின் பின்முனையைத் தோய்த்து ஒரே தொடலாக வையுங்கள். ஒரு தோய்ப்புக்கு ஒரு புள்ளி; தோய்க்காமல் அடுத்ததை வைத்தால் சிறுத்துவிடும். இந்தப் புள்ளிகள் திட்டாக நிற்பதால் மற்றவற்றைவிட மெதுவாகக் காயும். அவசரப்பட்டு வார்னிஷ் பிரஷ்ஷை ஓட்டினால் அழகாக எழுதிய பெயருக்கு வால் முளைக்கும்.

பிரஷ் வசப்படாவிட்டால் அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கர் எடுத்துக்கொள்ளலாம், அதில் குறையொன்றும் இல்லை. சாதாரண பெர்மனென்ட் மார்க்கர் மட்டும் வேண்டாம். மேலே வார்னிஷ் பட்டதும் அந்த மை கசிந்து பரவக்கூடும். எந்த மார்க்கர் என்றாலும் அடிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மேலே வார்னிஷ் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

மேல்பூச்சு

ஓர் இரவு காயவிட்டு வார்னிஷ் மூன்று கோட், ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நுரை குமிழ்கள் மாட்டிக்கொள்ளும். எண்ணெய் கலந்த வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளிக்கும், வெள்ளை வைத்த இடமெல்லாம் பழுப்பேறும். கைவினைக்கு விற்கும் வெள்ளைப் பசையை மேல்பூச்சாக நம்ப வேண்டாம். பல ரகங்கள் நனைந்ததும் பால் மாதிரி வெளுத்து ஒட்ட ஆரம்பிக்கும். ஐஸ் பெட்டி நனையாமல் இருக்கப்போவதில்லை.

தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் மூன்று வாரம் மூடியைத் திறந்த நிலையில் நிழலில் வைத்திருங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள். கவரின் சுருக்கம் அப்படியே பூச்சில் பதியும். கொடுக்கும் அன்று ரிப்பன் கட்டினால் போதும்.

கூடவே ஒரு சின்னச் சீட்டு: மெத்தென்ற துணியால் துடைக்கவும், ஸ்கிரப்பர் கூடாது, மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்குப் பெயிண்ட் விரியாது, திட்டான இடங்கள் வெடிக்கும். அடிவண்ணத்திலும் எழுத்தின் நிறத்திலும் 20 மில்லி வீதம் சின்ன பாட்டிலில் ஊற்றி, பெயர் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள். முதல் கீறல் எப்படியும் மூலையில்தான் விழும். அவர்களே தொட்டு வைத்துக்கொள்ளலாம்.