அமெரிக்கப் படிவத்தில் இனம் கேட்டால் எதை டிக் செய்வது?

முதலில், 'அமெரிக்கன் இண்டியன்' பெட்டியைத் தொடாதீர்கள், அது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு வேலை விண்ணப்பத்தில் 'ஏசியன்', 2020 சென்சஸ் போன்ற படிவமென்றால் 'ஏசியன் இண்டியன்'. 1970 சென்சஸில் நம்மவர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள், 1980-ல்தான் இந்தத் தனிப் பெட்டியே வந்தது, அதனால் இதையெல்லாம் பெரிய அறிவியல் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். இலங்கைத் தமிழரா? 'அதர் ஏசியன்' டிக் செய்துவிட்டு, பக்கத்தில் நீங்கள் உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வீர்களோ அப்படியே எழுதுங்கள். 'ஹிஸ்பானிக்கா' (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியா) என்று தனியாகக் கேட்டால் இல்லை என்று போட்டுவிட்டு நகருங்கள். அப்புறம், அம்மா தமிழ், அப்பா வெள்ளையர் என்றால் பிள்ளைக்கு இரண்டையும் டிக் செய்யலாம், 2000 சென்சஸிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு. வேலை விண்ணப்பத்தில் சொல்லப் பிடிக்கவில்லையா, 'பதிலளிக்க விருப்பமில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.