சேலத்தில் துணிக்குருவி ஒளித்து வைப்பது: தைப்பதில் தொடங்கித் திரும்பப் போய்ப் பார்ப்பது வரை

துணியில் ஒரு குருவி தைத்து, ஊருக்குள் எங்காவது வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் கண்ணில் படுகிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். போன ஆடியிலிருந்து இதைச் செய்துவருகிறேன். இதுவரை சேலத்தில் 33, ஏற்காட்டில் 13, ஆக 46. முதலில் வைத்த ஒன்பதில் ஒன்றைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் லிங்கன் சிட்டி என்று ஒரு கடற்கரை ஊர். கையால் ஊதிச் செய்த கண்ணாடி உருண்டைகளைக் கரையோரம் ஒளித்து வைக்கிறார்கள், கண்டெடுத்தவருக்கே சொந்தம். இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு வழக்கம் முன்பே தெரியும், தேடிக்கொண்டேதான் நடக்கிறார்கள். சேலத்தில் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ நடந்து போகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம் ஊரில் தையல் கால்வாசி வேலைதான். "இதைத் தொடலாம்" என்று ஒருவருக்குத் தைரியம் வரவைப்பது மீதி முக்கால்வாசி.

மனித உருவம் வேண்டாம்

நான் முதலில் தைத்தது குருவி இல்லை, பொம்மை. உள்ளங்கை அளவு, இடுப்பில் அழகுக்காகச் சிவப்பு நூல். குகைப் பக்கம் மூன்று தெரு கூடும் இடத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் வைத்தேன். மறுநாள் காலையில் போனால் பொம்மை அப்படியே கிடக்கிறது, அதைச் சுற்றி வட்டமாக ஈரம். யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு அம்மா பள்ளிக்கூடப் பையனை இழுத்துக்கொண்டு தெருவின் மறுஓரமாகப் போனார். நான் குனிந்ததும் பூக்கார ஆயா சத்தம் போட்டார்: "தொடாதே கண்ணு! யாரோ கழிச்சுப் போட்டதாட்டம் இருக்குது!"

அப்போதுதான் உறைத்தது. ஆடி மாதம், கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி ஊரே விரதத்தில் இருக்கிறது. முச்சந்தி, வேப்பமரம், துணிப்பொம்மை, சிவப்பு நூல். திருஷ்டி கழித்துப் போடுகிற பொருளுக்கு என்னென்ன அடையாளமோ அத்தனையையும் நானே சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா பிள்ளையைக் காப்பாற்றத்தான் இழுத்தார். அவரைப் பயமுறுத்தியது நான். அன்றைக்கு அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே: மனித உருவம் கூடாது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் நூலை வெளியே தெரியும்படி சுற்றக் கூடாது. முச்சந்தி, நாற்சந்தி கூடாது. அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஒருநாள் விட்டுவிடுங்கள்.

குருவிக்கு மாறியது அதனால்தான். நிலைவாசலில் கிளித் தோரணமும் தொட்டிலுக்கு மேலே துணிக்கிளியும் கட்டிப் பழகிய ஊர் இது. பறவையைப் பார்த்தால் வீட்டுப் பொருள் என்று மனசு சொல்லிவிடுகிறது.

தையல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புடவைக் கரையில் இருக்குமே மாங்காய், அதை அட்டையில் 6 இன்ச் நீளத்துக்கு வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். வால் பக்கம் கூர்மை, தலைப் பக்கம் உருண்டை. இரண்டு துண்டு. மூக்குக்கு ஒரு சின்ன முக்கோணத்தை உள்ளே வைத்து, வயிற்றில் இரண்டு விரல் நுழையும் அளவு விட்டு, சுற்றிலும் பின்தையல். வளைவில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்துத் திருப்பி, பஞ்சு அடைத்து, வாயை மூடினால் முடிந்தது.

துணிக்கு அலைய வேண்டாம். எந்தத் தையல் கடையிலும் பிளவுஸ் வெட்டிய மிச்சம் மூட்டையாகக் கிடக்கும். பருத்தியாகப் பொறுக்குங்கள். வெண்பட்டுத் துண்டு கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஊசியில் வழுக்கும், ஓரம் பிரியும். பத்துக் குருவி தைத்துக் கை படிந்த பிறகு தொடுங்கள்.

பஞ்சில் எனக்குப் பிடிவாதம் உண்டு: இலவம் பஞ்சுதான். அதன் இழைக்குள் வெறும் காற்று, மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் சட்டென்று ஏறாது. அந்தக் காலத்தில் மிதவைச் சட்டைக்கே இதைத்தான் அடைத்தார்கள். ரெக்ரான் என்ற செயற்கைப் பஞ்சு மலிவு, பறக்காது, எல்லாம் சரி. ஆனால் யாரும் எடுக்காமல் ஒரு குருவி ஏரிக்குள் விழுந்துவிட்டால் அது மக்காது. இலவம் பஞ்சு அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கண்ணுக்கு மணி, பட்டன் எதுவும் வேண்டாம். இது எந்த வீட்டில் எந்தக் குழந்தையின் வாய்க்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. நூலால் நாலு குத்து குத்தி முடிச்சுப் போட்டால் போதும். பின்னூசி கூடவே கூடாது.

பக்கவாட்டில் தனியாகத் தைக்கிற இறக்கை விறைப்பாக நிற்க ஜவ்வரிசிக் கஞ்சி. ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர், கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர் மரவள்ளிக் கிழங்கு நம் ஊர்க் குருவிக்கு இறக்கை கொடுப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

(பிறகு சேர்த்தது: கெட்டியாகக் கஞ்சி போட்டு வைத்திருந்ததைக் கரப்பான் அரித்துவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மெல்லியதாகப் போட்டு, ஒரு முழுநாள் வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் வெளியே வைத்துவிடுங்கள். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அதைச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தார். கூடாது. அது விஷம்.)

சீட்டு: இங்கேதான் நான் சறுக்கினேன்

பொம்மையை விட்டுக் குருவிக்கு வந்த பிறகும் ஏழு குருவி வீணானது. காரணம் சீட்டு.

முதல் சீட்டில் "அன்புடன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். யார், யாருக்கு என்று ஒன்றுமே விளங்காது. யாரோ யாருக்கோ கொடுத்த பரிசு, கைதவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, பார்த்தவர்கள் பத்திரமாக மதில்மேல் எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். தொலைத்தவர் திரும்பி வந்தால் கண்ணில் படட்டும் என்ற நல்ல மனசு.

அடுத்து "இலவசம், எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். அது இன்னும் மோசம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் வைத்திருந்தேன். சாயந்தரம் அவரே சொன்னார்: "இலவசம்னு போட்டா எவனும் தொடமாட்டான்ங்க. ஏதோ கம்பெனி விளம்பரம், பின்னாடியே போன் நம்பர் கேட்பாங்கன்னு நெனைக்கறாங்க."

இப்போது எழுதுவது இது:

இது துணியில் தைத்த குருவி.
யாரும் தொலைக்கவில்லை.
பார்த்தவருக்கே சொந்தம்.
வீட்டுக்குக் கொண்டுபோங்க.

முதல் வரி, பொருள் என்ன என்று பயத்தைத் தெளிவிக்கிறது. இரண்டாவது, இன்னொருவர் பொருளை எடுக்கிறோமோ என்ற உறுத்தலை எடுத்துவிடுகிறது. மூன்றாவதில் "சொந்தம்" என்ற சொல் முக்கியம். "இலவசம்" செய்யாததை அது செய்கிறது. கடைசி வரியில் "கொண்டு செல்லவும்" என்று எழுதிப் பார்த்தேன், அரசாங்க அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிட்டது. "கொண்டுபோங்க" என்றால் ஒரு ஆள் பக்கத்தில் நின்று சொல்வது போல இருக்கிறது. இந்த நாலு வரிக்கு மாறிய பிறகு வைத்த முதல் குருவி, மூக்கனேரிக் கரையில், அரைமணி நேரத்தில் போய்விட்டது.

(பிறகு சேர்த்தது: உள்ளே என்ன இருக்கிறதோ என்று அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று இரண்டு பேர் எழுதினார்கள். இப்போது முதல் வரியை "இலவம் பஞ்சு அடைத்துத் துணியில் தைத்த குருவி" என்று நீட்டியிருக்கிறேன்.)

சீட்டு காகிதத்தில் வேண்டாம். காடாத் துணியை 3 இன்ச்சுக்கு 2 இன்ச் வெட்டி, இறக்கைக்குப் போட்ட அதே கஞ்சியில் முக்கிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன்மேல் எழுதுங்கள். கஞ்சி ஏறிய துணியில் மை இழையோடு பரவாது. பேனாவில் பெர்மனென்ட் மார்க்கரைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். நான் ஜெல் பேனாவில் எழுதிய ஒரு குருவியை ஐப்பசியில் ஏற்காட்டு ஏரிக்கரைப் பெஞ்சில் வைத்தேன். மழைகூடப் பெய்யவில்லை, வெறும் மூடுபனிதான். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு எழுத்து மிச்சமில்லை. வெள்ளை வயிறு முழுக்க ஊதாத் திட்டு. சீட்டைக் குருவியின் முதுகில் நாலு மூலையும் தைத்துவிடுங்கள். நூலில் தொங்கவிட்டால் மறுபடியும் தாயத்து மாதிரி ஆகிவிடும்.

போன் நம்பர், வலைத்தள முகவரி எதுவும் எழுதாதீர்கள். பதிலுக்கு ஏதோ எதிர்பார்க்கிறோம் என்றாகிவிடும்.

எங்கே, எப்போது

"ஒளித்து" என்று சொன்னாலும் ரொம்ப ஒளிக்கக் கூடாது. பொந்திலோ கல்லிடுக்கிலோ கைவிட நம் ஊரில் யாரும் துணியமாட்டார்கள். தேளோ பாம்போ இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அது சரியும்தான். வாலும் மூக்கும் தெரிய, இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள உயரம் நல்லது. பூங்காப் பெஞ்சு, ஏரிக்கரைக் கைப்பிடிச் சுவர், டீக்கடை பெஞ்சு. கடை என்றால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ரயில்வே ஜங்ஷன், பஸ் ஸ்டாண்டு, ஏடிஎம், அரசு அலுவலகம் பக்கமே போகாதீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கும் இடத்தில் அதையே வைப்பது ஊரைப் பதறவைப்பது. பள்ளிக்கூட வாசலும் வேண்டாம். தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அதை நாமே கெடுக்கக் கூடாது. கோயிலுக்குள் வைத்தால் வேண்டுதல் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள்.

நேரம் காலை எட்டு மணிக்கு மேல். நான் முதலில் விடியற்காலையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தெரு கூட்டும் அக்கா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "நீங்க வெக்கறதுங்களா இது? ரெண்டு மூணு கூட்டி வண்டியில போட்டுட்டோம்ங்க. எட்டு மணிக்கு மேல வெய்ங்க, நாங்க இந்த வரிசைய முடிச்சிருவோம்." கையில் இருந்த குருவியை அவருக்கே கொடுத்தேன். என் பொருளால் அவர் வேலை கூடக் கூடாது என்பதை அன்றிலிருந்து விதியாக வைத்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்றிலும் வண்டியை நிறுத்திக் குருவி வைக்காதீர்கள்; எடுக்க நிற்பவருக்கும் ஆபத்து, அதைவிடக் குரங்கு. மழைக்காக ஒரு குருவியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வியூ பாயின்ட் சுவரில் வைத்தேன். கவர் சலசலத்த சத்தத்துக்கு ஒரு குரங்கு வந்தது, தின்பண்டம் என்று பிரித்தது, இலவம் பஞ்சு பள்ளத்தாக்கு முழுக்கப் பறந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடையும் இருக்கிறது. உறையே இல்லாமல் வையுங்கள்.

காப்பித் தோட்டங்கள் தனியார் இடம், வேலி தாண்டக் கூடாது. விடியலிலும் அந்தியிலும் காட்டெருமை சாலைக்கே வரும். குருவி வைக்கிறேன் என்று தனியாக ஓரமாய் ஒதுங்காதீர்கள். மரத்தில் ஆணி அடிக்கவே வேண்டாம். எனக்குப் பிடித்த இடம் லேடீஸ் சீட்டில் சேலம் தெரிகிற பக்கம். காற்று அதிகம், அதனால் அங்கே வைக்கும் குருவியின் வயிற்றில் மட்டும் ஒரு கூழாங்கல்லைத் துணியில் இறுகக் கட்டித் தைத்துவிடுவேன். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வைக்காதீர்கள், நசுங்கிவிடும்.

சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் நிறைய. தமிழ் படிக்கத் தெரியாதவருக்காகச் சீட்டின் ஓரத்தில், ஒரு கைக்குள் குருவி உட்கார்ந்திருப்பது போலக் கோட்டுப் படம் ஒன்று வரைகிறேன்.

திரும்பப் போய்ப் பார்ப்பது

ஒளிந்து நின்று யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். ஆனால் மூன்றாம் நாள் கட்டாயம் போக வேண்டும். ஒரு நோட்டில் எண், இடம், தேதி எழுதி வைத்தால்தான் இது நடக்கும். மூன்று நாளாக யாரும் எடுக்கவில்லை என்றால் அது குப்பையாகத் தொடங்கிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அப்படி வந்த குருவியை வாளியில் ஊறப்போடாதீர்கள், உள்ளே பஞ்சு கட்டி தட்டிவிடும். ஈரத்துணியால் துடைத்து, இறக்கைக்கு மட்டும் மறுபடி கஞ்சி போட்டு, வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். என்னுடைய 31-ம் எண் குருவி இப்படி இரண்டு தடவை வீட்டுக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை மூக்கனேரிக் கரையில் வைத்தேன். மூன்றாம் நாள் போனபோது குருவி இல்லை. அது இருந்த சுவர்மேல், காற்றில் போகாதபடி ஒரு கல்லின் அடியில், நாலாக மடித்த பழைய கரைத்துண்டு ஒன்று இருந்தது. பச்சை, பருத்தி, சரியாக இரண்டு மாங்காய் வெட்டும் அளவு.