‘வா’ என்றதும் ஓடி வர நாய்க்குட்டியைப் பழக்குவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசற்படி நேராகத் தெருவில்தான் இறங்கும். கேட் கிடையாது. ஒருநாள் காஸ் சிலிண்டர் வாங்கக் கதவைத் திறந்தபோது மணி வெளியே பாய்ந்துவிட்டான். ஐந்து மாதக் குட்டி. தெருமுனையைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். “மணி, வா, வா” என்று நான் கத்தக் கத்த அவன் இன்னும் தூரமாக ஓடினான். டீக்கடையில் நின்றிருந்த ஒரு அண்ணன் குனிந்து பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஏன் வரவில்லை என்று அன்று ராத்திரி யோசித்தேன். அதுவரை நான் ‘வா’ என்று கூப்பிட்டதெல்லாம் சங்கிலியில் கட்ட, குளிப்பாட்ட, செருப்பைக் கடித்ததற்காக அடிக்க. அந்தச் சொல்லைக் கேட்டால் விலகி ஓட வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அடியை நிறுத்திவிட்டு விளையாட்டாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீங்களும் இதே வரிசையில் போகலாம்.

1. தீனி

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு வேண்டாம்; மென்றுகொண்டே நிற்பான், விளையாட்டு அறுந்துவிடும். கொடுக்கும் அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். பிரியாணி எலும்பும் கூடாது.

2. ஒரு பாராட்டுச் சொல்

நான் வைத்திருப்பது ‘சூப்பர்’. சொன்ன உடனே ஒரு துண்டு கறி. ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து முறை, இரண்டு நாள் இதை மட்டும் செய்யுங்கள். 1904-ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், சாப்பாட்டுக்கு முன்னால் வரும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். இங்கே நடப்பதும் அதுதான். சொல்லைக் கேட்டதும் குட்டி உங்கள் கையைத் தேடினால், பிடிபட்டுவிட்டது. இனி அவன் எதைச் சரியாகச் செய்தாலும் அந்த நொடியிலேயே ‘சூப்பர்’ விழ வேண்டும். தாமதித்தால், அடுத்து அவன் செய்ததற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

3. இரண்டடி தூரத்தில் ‘வா’

இதில் அவசரப்படாதீர்கள். பழைய ‘வா’ கெட்டுப்போயிருந்தால் சொல்லையே மாற்றுங்கள். நான் ‘ஓடியா’ என்று மாற்றினேன். குட்டி உங்களைப் பார்க்கும்போது உட்கார்ந்து, கையை விரித்து, சந்தோஷமான குரலில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவன் கிளம்பியதுமே ‘சூப்பர்’. வந்து சேர்ந்ததும் கறி. தீனியை உங்கள் முழங்காலை ஒட்டிக் கொடுங்கள். கையை நீட்டிக் கொடுத்தால் எட்ட நின்றே பிடுங்கிக்கொண்டு ஓடப் பழகுவான். வாங்கும்போது இன்னொரு கையால் கழுத்துப் பட்டையை மெல்லத் தொட்டுவிட்டு, “போ, விளையாடு” என்று அனுப்பிவிடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்து எல்லாரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

4. கண்ணாமூச்சி

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். அம்மா வாசலறையில், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். மாறி மாறிக் கூப்பிடுவோம். முதல் தடவை மணி அடுப்படி வரை வந்துவிட்டு, என்னைக் காணாமல் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தான். கதவிடுக்கில் என் கால் விரலைக் கண்டதும் வால் மட்டுமில்லை, இடுப்பே ஆடியது. மூன்று நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அலுப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.

5. மாடி, அப்புறம் தெரு

மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாங்கவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மாடியே வேண்டாம். தெருவுக்குத் தடுப்பூசிகள் முடிந்த பிறகுதான் இறக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போவோம். தெருவில் ஐந்து மீட்டர் கயிறு எப்போதும் இருக்கட்டும். கழுத்தில் இல்லை, மார்புப் பட்டையில். கூப்பிட்டு வரவில்லையா? திரும்பக் கத்தாதீர்கள், கயிற்றைச் சுண்டாதீர்கள். பக்கத்தில் போய்த் தீனியை மூக்கருகே காட்டி, பின்னால் நடந்து கூட்டி வாருங்கள். அடுத்த முறை தூரத்தைப் பாதியாக்குங்கள்.

குளியலுக்கும் மாத்திரைக்கும் மட்டும் அவனைக் கூப்பிடவே வேண்டாம். நீங்களே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

6. மேளச் சத்தம்

நம் பக்கத்தில் சாவு மேளமும் வெடியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மிரண்ட நாய்க்கு எந்தச் சொல்லும் காதில் விழாது. செல்போனில் மேளச் சத்தத்தை மிக மெதுவாக வைத்து, அது கேட்கும்போதெல்லாம் கறி கொடுங்கள். நிறுத்தினால் கறியும் நிற்கட்டும். காதைப் பின்னால் மடித்தாலோ தீனியை மறுத்தாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறையுங்கள். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். நிஜ ஊர்வலம் வரும் நாளில் கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்.