பழைய ஹைபிரிட் கார் வாங்கிய முதல் மாதத்தில் நாம் விடும் பிழைகள்

சென்ற வருடம் கைமாறி வந்த ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் ஒன்று வாங்கினேன். 2013ஆம் ஆண்டு வண்டி. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் டாஷ்போட்டில் கார்த்திகை விளக்கீடு. எல்லா விளக்கும் எரிகிறது, வண்டி மட்டும் ‘ரெடி’க்கு வரவில்லை. பக்கத்துக் கராஜில் இருந்து வந்தவர் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. “ஹைபிரிட் பற்றறி போட்டுது அண்ணை, மாத்தத்தான் வேணும்” என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபிறகு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் இன்னொரு பெடியன் மல்ரிமீற்றரோடு வந்து பின்சீற்றைத் தூக்கினான். அதற்குக் கீழே இருந்த 12 வோல்ற் சின்னப் பற்றறி 10.8 காட்டியது. அதை மாற்றியதோடு விஷயம் முடிந்தது.

ஹைபிரிட்டில் மோட்டாரை ஓட்டும் பெரியது ஒன்று, 12 வோல்ற் சின்னது ஒன்று என்று இரண்டு பற்றறி இருப்பது எல்லோருக்கும் தெரியும். சின்னது சாகப்போவதை வண்டி சொல்லாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சாதாரண காரில் பற்றறி இறங்கினால் ஸ்டார்ட்டர் ‘கர்… கர்…’ என்று இழுத்துக் காட்டிக்கொடுக்கும். அக்குவா போன்ற ரொயோட்டா ஹைபிரிட்டில் அந்த ஸ்டார்ட்டரே கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றறியும் மோட்டாரும். சின்னப் பற்றறியின் வேலை கம்பியூட்டர்களை எழுப்பி, பெரிய பற்றறியை இணைக்கும் ரிலேக்களை மூடுவது மட்டும். அதற்குப் பலம் அதிகம் தேவையில்லை. அதனால் நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று அசையாது. ஒரு இரவு நிறுத்தி வைத்த பிறகு அளந்து பாருங்கள். 12.5 அளவில் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணித் திரும்பவும் சோதிக்க வேண்டும். ‘ரெடி’யில் வைத்து அளந்தால் 14ஐ ஒட்டி வர வேண்டும், வரவில்லை என்றால் பிழை பற்றறியில் இல்லை, அதைச் சார்ஜ் பண்ணும் பக்கத்தில்.

மாற்றும்போது விலை குறைவென்று கண்ட பற்றறியையும் வைக்கக்கூடாது. இது ஆட்கள் இருக்கும் கபினுக்குள் கிடப்பது. வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்துகிற வகைதான் வேண்டும். இன்னொன்று, றோட்டில் நின்ற லொறிக்காரர் உங்கள் பற்றறியில் வயர் கொழுவி ஸ்டார்ட் பண்ண ‘ஜம்ப்’ கேட்டால் மனம் இளகாதீர்கள். வயர் மாறிக் கொழுவினால் போவது, பற்றறி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர்.

இங்கே இலங்கையில் இந்த வண்டிகளின் கதையே வேறு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த அக்குவா, பிரியஸ், வெசல், ஃபிட் எல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சுற்றிக்கொண்டே இருந்தன. மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் சேர்விஸ் புத்தகம் கேட்டால் சிரிப்பார். மீற்றரில் இருக்கும் கிலோமீற்றரை நான் ஒரு அலங்காரமாகத்தான் பார்க்கிறேன்.

ஆகவே பெரிய பற்றறியை நீங்களே பார்த்தாக வேண்டும். ‘டாஷ்போட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, அப்போ சுகம்’ என்று நினைப்பதுதான் இருப்பதற்குள் பெரிய பிழை. இந்த வண்டி தன் நோயைத் தானே மறைக்கும். பற்றறி பலவீனமானால் எஞ்சின் கூட நேரம் ஓடி ஈடுகட்டும். பெற்றோல் கொஞ்சம் கூடும், ஓட்டுபவர் ஏசியைக் குறை சொல்வார். போதாததற்கு, விற்கிறவர் முதல்நாள் ஸ்கானர் போட்டு, வண்டியின் கம்பியூட்டரில் பதிவாகும் ‘பி0ஏ80’ போன்ற பிழைக் குறியீட்டை (கோட்) அழித்திருந்தால் நீங்கள் பார்க்கும்போது எல்லாம் சுத்தம். ஹைபிரிட் பற்றறியை மாற்றச் சொல்லும் கோட் அதுதான். அழித்த கோட் சில நாள் ஓடிய பிறகே திரும்பித் தலைகாட்டும். வாங்கும் அன்று ஒரு ஸ்கான், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு ஸ்கான் என்று இரண்டு தடவை செய்யுங்கள்.

பிழைக் குறியீட்டை விடவும் பயன்படுவது ஓடும்போது வரும் அளவீடு. அக்குவாவின் பெரிய பற்றறி 144 வோல்ற், உள்ளே 7.2 வோல்ற் மொடியூல்கள், அதாவது சிறு பற்றறிகள், 20. வண்டியின் கம்பியூட்டரை வாசிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றையும் கைப்பேசியில் ஒரு செயலியையும் வைத்தால் இவற்றின் வோல்ற்றைப் புளொக் புளொக்காக (தொகுதி தொகுதியாக) பார்க்கலாம். நிற்கும்போது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் தேடி எங்கே போவது? ஆள் இல்லாத நேர்றோட்டில் பக்கத்தில் ஒருவரை இருத்தி, நின்ற இடத்திலிருந்து 60 வரை நன்றாக மிதித்து எடுங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கினால் பயமில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுக் கிடுகிடுவென்று விழுந்தால் அதுதான் நோயாளி. செயலி இல்லாதவர்கள் பற்றறிப் படத்தில் உள்ள கோடுகளைக் கவனியுங்கள். சில நிமிடத்துக்குள் நிறைந்து, சில நிமிடத்துக்குள் அடிக்குப் போனால் சரியில்லை.

அப்படி ஒன்று விழுந்தால் “அந்த ஒரு செல்லை மாத்தினால் காணும்” என்று சொல்ல ஆள் வருவார். அடுத்த வாரம் விற்கப்போகிற வண்டிக்கு அது காணும். வைத்திருந்து ஓடப்போகிறவருக்கு என்றால், எல்லா மொடியூலும் ஒரே வயது, ஒரே வெயில். ஒன்று போனால் பக்கத்திலுள்ளதும் பின்னாலேயே புறப்பட்டுவிடும்.

பற்றறியைக் கொல்வது சூடு. அதைக் குளிராக்கும் காற்று பின்சீற்றின் ஓரத்தில் உள்ள ஒரு சின்னக் கதவு வழியாகக் கபினுக்குள் இருந்துதான் போகிறது. நான் அதைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை. விரலால் உரித்தபோது முழுசாகக் கையோடு வந்தது. எங்கள் செம்மண் தூசு, யாருடையதோ நாயின் மயிர், ஒரு பிஸ்கற் கடதாசித் துண்டு. சில வண்டிகளில் வலை பில்ரர் உண்டு. இல்லாதவற்றில் எல்லாம் நேரே ஃபானில் போய் அப்பும். கழற்றித் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் போதும். அந்தக் கதவை அடைத்துக்கொண்டு அரிசி மூட்டை வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் அப்படியே ஹொண்டா வெசலுக்குப் பொருத்தாதீர்கள். அதில் இருப்பது லிதியம் அயன் பற்றறி, இரட்டைக் கிளச்சோடு ஏழு கியர்ப் பெட்டி. நெரிசலில் ஊரும்போது உதறுகிறதா, முதல் கியரில் இழுக்கத் தயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதே அமைப்போடு 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட்டை 2014 ஒக்ரோபருக்குள் ஹொண்டா ஐந்து தடவை ரீகோல் செய்தது, அதாவது குறை திருத்தத் திரும்ப அழைத்தது. தலைவர் உட்பட நிர்வாகிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ரீகோல் வேலை முடியாமலே கப்பலேறிய வண்டி உங்களுடையதாக இருக்கலாம். ஜப்பான் வண்டியில் 17 எழுத்து இலக்கம் தேடாதீர்கள், இருக்காது. அக்குவாவில் ‘என்எச்பி10’ என்று தொடங்குவது போன்ற சசி (அடிச்சட்ட) இலக்கத்தைத் தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும்.

ஒயில் பற்றிச் சுருக்கமாக: அக்குவாவுக்கு 0டபிள்யூ-20, பில்ரரோடு 3.7 லீற்றர். “எங்கட வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லம்” என்று 20டபிள்யூ-50 ஊற்றும் கராஜ்கள் இன்னும் இருக்கின்றன. ஒயில் கானைக் கண்ணால் பார்த்த பிறகு ஊற்ற விடுங்கள்.

கூலன்ற் விஷயத்தில் பிழை கூடுதலாக நடக்கிறது. எஞ்சினுக்கு ஒரு தொட்டி, இன்வேட்டருக்கு வேறொரு தொட்டி. இரண்டாவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற்றுக்கு எஞ்சினில் முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரிலும் இன்வேட்டரில் 240,000 கிலோமீற்றரிலும், பிறகு 80,000க்கு ஒருமுறையும் என்பது கணக்கு. ஆனால் முன்னைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாதே. நிறம் வெளிறியிருந்தால் கிலோமீற்றர் பார்க்காமல் மாற்றுங்கள். குறைந்ததென்று கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்புவது மகா பிழை. நம் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். 144 வோல்ற்றை 520 வரை ஏற்றுகிற பெட்டியின் நரம்புகளில் அதே சுண்ணாம்பு படிய வேண்டுமா?

அந்த 520ஐ நினைத்தாவது செம்மஞ்சள் வயர்களைத் தொடாமல் இருங்கள். பின்பக்கச் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் கைவைப்பார்கள், வேலை தெரிந்தவர்கள்.

பிரேக் கட்டைகள் தேயாமல் புதிதுபோல இருக்கும், மோட்டார்தான் வேகத்தைக் குறைக்கிறது. அதை நம்பி யாரும் சில்லைக் கழற்றுவதில்லை. கட்டைகளை அழுத்தும் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகுகின்றன. சாரதிக் கதவைத் திறந்ததும் ‘ஊய்’ என்று ஒரு பம் சத்தம் கேட்கும், அது வழக்கமானது. மிதிக்காமலே அடிக்கடி அது ஓடினால் செலவு வருகிறது.

கனடாவில் இருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் சித்தப்பாவுக்காக வாங்கி மூடி வைத்திருக்கும் ஹைபிரிட்கள் எங்கள் ஊரில் அனேகம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் ஓட்டாவிட்டால் பெரிய பற்றறியும் இறங்கிவிடும். பெற்றோல் தீர்ந்த பிறகும் மின்சாரத்தில் ஊர்ந்து போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2022 பெற்றோல் வரிசையில் அப்படி ஊர்ந்து, ஏசியும் போட்டு, பற்றறியை வற்றவைத்தவர்கள் பெற்றோல் கிடைத்தும் ஸ்டார்ட் பண்ண முடியாமல் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கொக்குவில் ரயில் கடவையில் படலை பூட்டினால் நான் இப்போது ‘என்’னில் (நியூற்றலில்) போடுவதில்லை. அதில் நின்றால் எஞ்சின் ஓடினாலும் பெரிய பற்றறிக்குச் சார்ஜ் ஏறாது. ‘பி’யில் (பார்க்கிங்கில்) போட்டுவிட்டு ரயில் போகும்வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.