காம்புத் தையலில் தொடங்குங்கள்: கை எம்பிராய்டரிக்கு ஒரு பயிற்சித் துணி

எடுத்த எடுப்பில் பிளவுஸில் ஊசி வைக்காதீர்கள். அரை மீட்டர் காடாத் துணி வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு வையுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கு உங்கள் நோட்டுப் புத்தகம் அதுதான். ஊறப்போடுவதற்குக் காரணம் உண்டு. புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், மேலே இருக்கும் நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. அழகாகப் போட்ட பூவைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்து நிற்பது இதனால்தான்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம் 5 அல்லது 6 அங்குலம் போதும். உள்வளையத்தில் பழைய வேட்டியிலிருந்து கிழித்த நாடாவைச் சுற்றிக்கொண்டால் துணி வழுக்காது. துணியை நேர் இழையில் மட்டும் இழுத்து இறுக்குங்கள். மூலைவாக்கில் இழுத்தால் வளையத்தில் வட்டமாகத் தெரிந்த பூ, கழற்றியதும் முட்டை வடிவமாகிவிடும்.

கடையில் கிடைக்கும் ஆங்கர் என்ற பிராண்டின் எம்பிராய்டரி நூல் 6 இழை கொண்டது. பூ அளப்பது போல ஒரு முழம் வெட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நீள நூல் துணிக்குள் பல முறை போய் வந்து உராய்ந்து, பஞ்சடித்து, முடிச்சு விழும். இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, பிறகு இரண்டையோ மூன்றையோ சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் உருவினால் கீழே சிக்கிக்கொள்ளும். ஊசி 7 அல்லது 8 எண் எடுங்கள். எண் கூடக் கூட ஊசி மெலியும்.

முதல் தையல் காம்புத் தையல்தான். பார்க்க எளிது, ஆனால் கையின் எல்லாக் குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். 10 செ.மீ. கோடு போட்டு, மூன்று இழையில் இடமிருந்து வலமாகத் தையுங்கள். கோட்டின் தொடக்கத்தில் ஊசியை மேலே எடுத்து, 6 மி.மீ. தள்ளிக் குத்தி, 3 மி.மீ. பின்னால் வந்து மேலே எடுங்கள். அடுத்ததை, கோட்டின் தொடக்கத்திலிருந்து 9 மி.மீ.-இல் குத்தி 6 மி.மீ.-இல் எடுங்கள். அதாவது முந்தைய தையல் முடிந்த அதே துளையில். நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கமே கிடக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மேலே போனாலும் முறுக்கு மாறி, கயிறு போல ஓடும் கோடு அங்கே உடைந்தது போலத் தெரியும். வளைவில் 6 மி.மீ. தையலை 4 ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கோடு கோணலாகும்.

இப்போது துணியைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் ஒரே கோடு ஓடினால் தையல் சரி. நடுவில் இடைவெளி இருந்தால் துளையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர்களிடம் படம் எடுத்துக் காட்டும்போதும் பின்பக்கத்தைச் சேர்த்துக் காட்டுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. பின்பக்கத்தைப் பார்க்காமல் யாராலும் சரியாகத் திருத்த முடியாது.

பிரிக்க வேண்டி வந்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, காதுப் பக்கத்தால் நூலை நெம்பி எடுங்கள். வந்த துளை வழியே ஊசியைத் திருப்பி விட்டால் அது நூலையே குத்திக் கிழிக்கும்.

அடுத்த வாரம் சங்கிலித் தையல். கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைக்கும் இதுதான் அடிப்படை. கண்ணியைச் சுண்டி இழுக்காதீர்கள். இழுத்தால் சங்கிலி வெறும் கோடாகிவிடும். நூல் தீர்ந்தால், கடைசிக் கண்ணியைத் தளர்வாக விட்டு, அதன் உள்ளிருந்து புது நூலை மேலே எடுத்து, பிறகு பழைய நூலைப் பின்னாலிருந்து இழுத்துச் சரிசெய்யுங்கள். ஒட்டு கண்ணுக்கே தெரியாது.

இதழை நெருக்கமான தையல்களால் அடைக்கும் சாட்டின் தையலுக்கு, இதழின் ஓரத்தில் முதலில் பிளவுத் தையல் (முந்தைய தையலின் நூலைப் பிளந்து ஊசியை எடுப்பது) ஓட்டி, நடுவிலிருந்து நிரப்புங்கள். ஒரு தையல் 1 செ.மீ.க்கு மேல் போனால் தொங்கி, வளையலில் மாட்டும்.

ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு காணாமல் போகிறதா? நூல் வந்த துளையிலேயே திரும்பக் குத்துவதால் முடிச்சு உள்ளே இறங்கிவிடுகிறது. துணியின் ஓரிரண்டு இழை தள்ளிக் குத்துங்கள். இடது கையில் நூலை இறுக்கமாகவே பிடித்திருங்கள், ஊசி முழுதும் கீழே போகும் வரை. பெரிய முடிச்சு வேண்டுமென்றால் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள். மூன்று நான்கு சுற்று போட்டால் முடிச்சு சரிந்து விழும்.

தொடங்கும்போது முடிச்சுப் போடாமல் 5 செ.மீ. வால் விட்டு, பிறகு பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்து விடுங்கள். நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், குளிர்ந்த நீரில் கோடு முழுதும் போன பிறகே இஸ்திரி போடுங்கள். சூடு பட்டுவிட்டால் அந்தக் கோடு துணியிலேயே தங்கிவிடும்.